அழைத்தேன் வருவாய்

முன்பனி, பொருநைக் கரைக்கு ஓசையின்றி வரும் பருவம். கார்காலத்தைப் போல அது இடிமுழக்கித் தன் வரவைச் சொல்வதில்லை. இளவேனிலைப் போல மணம் பரப்பி மனத்தை மயக்குவதுமில்லை. ஒரு விடியலில் ஆற்றின்மேல் வெண்மை படிந்திருக்கும். மருதமரங்களின் அடிப்பகுதி மறைந்துபோய்க் கிளைகள் மட்டும் வானத்தில் தனியே மிதக்கும். பிசான நெற்பயிர் சூல்கொண்டு அசையாமல் நிற்கும். படித்துறையில் இறங்குகிறவர் நீரைத் தொடுமுன் ஒரு கணம் தயங்குவார். தொட்டபின் அது வெதுவெதுப்பாக இருக்கக் கண்டு வியப்பார். மேலே குளிர்ந்தும் உள்ளே கனன்றும் கிடக்கிற இந்தப் பருவத்தைத்தான் பெரியோர் வழிபாட்டுக்கென்று ஒதுக்கிவைத்தனர்.

அந்த ஆண்டு மார்கழியில், திருமருதங்கரை உமைபாகர் கோயிலில், இறந்துபோன ஒருவர் நாள்தோறும் பாடிக்கொண்டிருந்தார்.

அவர் சங்கரலிங்க ஓதுவார். கோயில்களில் ஓதுவார் பணியிடங்கள் நீக்கப்பட்டபின், அந்தந்த ஊரின் மறைந்த ஓதுவார் குரலிலேயே பதிகங்களைப் பாடும் பொறுப்பைப் பொது நினைவகம் ஏற்றிருந்தது. மக்கள் வீட்டுக்கு வீடு வைத்திருந்த படமும் பாட்டும் பேச்சும் அந்த ஒரே நினைவகத்துக்குள் போய்ச் சேர்ந்து நெடுங்காலம் ஆயிற்று. எதையும் தனியே சேமித்துவைப்பது குற்றம் என்று சட்டமும் வந்துவிட்டது.

ஓதுவாரின் மனைவி உலகம்மை, மாலைப் பூசைக்கு வந்து கொடிமரத்தருகே நின்று அந்தக் குரலைக் கேட்பாள். தூணில் பொருத்திய ஒலிபெருக்கியிலிருந்து, பெயர் தெரியாத ஓர் அடியவர் இத்தலத்தின்மேல் பாடிய பதிகம் எழும். உலகம்மை அறிந்த பாடம் இது:

இருளும் ஒளியும் இரண்டும் உடையாய்
மருளும் மனத்தின் மயக்கம் களைவாய்
மழையாய்ப் பொருநைக் கரைமேல் பொழிவாய்
அழைத்தேன் வருவாய் அடியேன் இடமே.

ஒலிபெருக்கி, ‘அழைத்தால் வருவாய்’ என்று பாடியது.

சிறு மாற்றம் என்றே கேட்பவருக்குத் தோன்றும். ஆயினும், அழைத்தால் வருவாய் என்பது புகழ்ச்சி: கூப்பிட்டால் வருகிறவன் நீ. அழைத்தேன், வருவாய் என்பதோ கட்டளை: கூப்பிட்டுவிட்டேன், வா. முன்னது சபையில் நின்று சொல்வது. பின்னது படுக்கையில் நோயாளியை வைத்துக்கொண்டு சொல்வது. கணவரின் கடைசி மாதங்களில் உலகம்மை இறைவனிடம் பேசியதெல்லாம் அந்தப் பின்னதைக் கொண்டுதான். அது தன் கணவர் வாயிலிருந்து தனக்குக் கிடைத்தது என்பதில் அவளுக்கு ஐயமே இல்லை. அவர் குரலைக் கொண்டே அதை அழிக்கிறார்களே என்று அவள் மனுக் கொடுத்தாள்.

நிர்வாக அதிகாரி பிரம்மநாயகம் அவளை மண்டபத்து அலுவலகத்தில் உட்காரவைத்துப் பேசினார்.

“உங்க வீட்டுக்காரர் குரல்தானம்மா அது? ஏதும் குறையுதா?”

“குரல் அவுகளோடதுதான். சொல்லு அவுகளோடது இல்ல.”

“அச்சுப் புத்தகம் அத்தனையிலயும் ‘அழைத்தால்’தான் இருக்கு. ‘அழைத்தேன்’னு ஒரு பாடபேதமே நினைவகத்துல கிடையாது. நானே தேடிப் பாத்துட்டேன்.”

“இருந்ததை அழிச்சிட்டுத் தேடுனா எப்படிய்யா கிடைக்கும்?”

அவர் சிரித்தார். சிரிப்பில் பகை இல்லை. “திருவாதிரையோட இந்தப் பதிகத்துக்கு முத்திரை வச்சிரணும். வச்சிட்டா அப்புறம் யாரு நெனச்சாலும் ஒரு எழுத்தை அசைக்க முடியாது. அவர் அப்படித்தான் பாடுனாருங்கிறதுக்கு ஆதாரம் இருந்தா அதுக்குள்ள கொண்டாங்க.”

“ஆதாரத்தை வீட்டுல வச்சிருந்தா குத்தம்னு சொல்லுதிய. கொண்டாங்கன்னும் சொல்லுதிய.”

“சட்டம் எழுதுனது நான் இல்லம்மா.”

“கையெழுத்துப் போடுதது நீங்கதான?”

பிரம்மநாயகம் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார்.

உலகம்மையின் பீரோவில், கூறைப்புடவைக்கு அடியில், துண்டில் சுற்றிய இரண்டு வன்தட்டுகள் இருந்தன. நினைவகத்தார் வீடு வீடாக வந்து எல்லாவற்றையும் வாங்கிப்போன நாளில் அவற்றை மட்டும் அவள் கொடுக்கவில்லை. ஓதுவார் பல்லாண்டுகள் தம் பாட்டைத் தாமே பதிவு செய்துவைத்தவை. அவற்றைப் பேசவைக்க ஒரு பழைய கணினி வேண்டும். அவள் மீரானிடம் போனாள்.

மீரான் ஒரு காலத்தில் கணினிக் கடை வைத்திருந்தவர். இப்போது மிக்ஸியும் பம்பு மோட்டாரும் பழுது பார்க்கிறவர். ஓதுவாருக்கு அந்தத் தட்டுகளை விற்றவரும் அவரே. மறுநாள் மத்தியானம், அரிசிச் சாக்கால் மூடிய ஒரு பழைய கணினியின் இரும்புக் கேபினெட்டை ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுவந்து, உலகம்மை வீட்டுக் கூடத்தில் இறக்கினார்.

“கடையில இதுமேல உக்காந்துதான் டீ குடிப்பேன் அக்கா. ஸ்டூலுன்னு நெனச்சு நினைவகத்துக்காரனும் ஒருநாள் உக்காந்துட்டுப் போனான்.”

“எதுக்கு பாய் நினைவகத்துல இப்படி மாத்துதாங்க? வைக்க எடமா இல்ல?”

“எடம் கெடக்கு. ஒரே பாட்டை லட்சம் பேரு பாடிவச்சா லட்சத்தையும் எதுக்குச் சுமக்கணும்னு அதுக்கு ஒரு நெனப்பு. ஒண்ணுபோல இருக்கதையெல்லாம் ஒண்ணாக்கி, நல்லதா ஒண்ணை மட்டும் வச்சிக்கிடும். யாரு கேட்டாலும் அந்த ஒண்ணுமேல அவுகவுக குரலைப் பூசிக் குடுத்திரும். சுவரு ஒண்ணுதான். வெள்ளையடிக்கது மட்டும் வேற வேற.”

“பாட்டுக்கு நடுவுல இருமுனா?”

“அழுக்குன்னு வழிச்சிரும்.”

“மாத்திப் பாடுனா?”

“அதுவும் அழுக்குதான்.” மீரான் சாக்கை மடித்து ஓரமாக வைத்தார். “எங்க வாப்பா பாங்கு சொல்லையில ஒரு எடத்துல மூச்சு வாங்குவாரு. கேட்டா நமக்கே நெஞ்சடைக்கும். இப்ப நினைவகத்துல மூச்சே வாங்க மாட்டேங்காரு. வேற யாரோ மாதிரி இருக்கு.”

அவர் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். உலகம்மை கையை நீட்டித் தடுத்தாள்.

“சட்டத்துல தண்டனை யாருக்கு பாய்? வச்சிருக்கவுகளுக்கா, மாட்டுதவுகளுக்கா?”

“வச்சிருந்தாப் பிடுங்கிட்டுப் போவாங்க. மாட்டி ஓட்டுனா பேர் நீக்கம்.”

“அப்படின்னா?”

“உங்க பேருல இருக்க படம், குரல், கைரேகை அத்தனையையும் நினைவகத்துலேருந்து எடுத்துருவாங்க. ரேஷன் கடை மிஷினு உங்களைத் தெரியாதுங்கும். பஸ்ஸு கதவு தொறக்காது. அதுக்குப் பொறவு நீங்க இருக்கிய, ஆனா இல்ல.”

“அப்ப அதை இங்க குடுங்க.”

“அக்கா...”

“உங்களுக்குப் பிள்ளையளு படிச்சிக்கிட்டு இருக்கு. கையைப் பின்னால கட்டிக்கிட்டு நில்லுங்க.”

“வாயால சொல்லித் தரலாமா?”

“வாய்க்குச் சட்டம் இருக்கா?”

“இன்னும் போடல” என்றார் மீரான். சொன்னபடி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் தண்டனை பெற்றவரைப் போலச் சுவரோரம் நின்றார்.

உலகம்மை பக்கத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே, கோயில் மதிலில் விளக்கு வைக்கும் மாடங்கள் போல, ஒன்றன்கீழ் ஒன்றாக வெற்றறைகள் இருந்தன.

“மொதல்ல இரும்பைத் தொடுங்க. உடம்புல இருக்க கரண்டு இறங்கணும். இல்லேன்னா தட்டுக்குக் கெடுதல்.”

அவள் தொட்டாள். சந்நிதிக்குள் நுழையுமுன் நிலைப்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கத்தில், கை தானாகக் கண்ணுக்குப் போயிற்று. மீரான் அதைப் பார்த்தும் பாராதவராக இருந்தார்.

“ஒண்ணை மேல தள்ளுங்க. அடுத்தது ஒரு அறை விட்டுக் கீழ. பக்கத்துல பக்கத்துல வச்சா சூடேறும்.”

“ரெண்டு எதுக்கு பாய்? அவுக ஒருத்தர்தான?”

“வேகமா இருக்கும்னு நான்தான் அப்படிப் போட்டுக் குடுத்தேன். ஒரு துண்டு இதுல, அடுத்த துண்டு அதுல, மாத்தி மாத்தி எழுதியிருக்கும். ஒண்ணை மட்டும் மாட்டுனா வெறும் கிறுக்கல். ரெண்டும் சேந்தாத்தான் பாட்டு.”

“அப்ப எங்க சாமி மாதிரின்னு சொல்லுங்க. அவனும் தனியாப் பாதிதான்.”

முதல் திருகாணி பிடிக்கவில்லை. சுற்றச் சுற்ற வழுக்கியது.

“அது நெருக்க மரை அக்கா. ஹார்ட் டிஸ்க்குக்கு அகல மரை வேணும். அந்த டப்பாவுல குட்டையா இருக்கு பாருங்க. ஒரேயடியா முறுக்காதிய. ரெண்டு பக்கமும் லேசாப் போட்டுட்டுக் கடைசியில இறுக்குங்க. கல்யாணத்துல மூணு முடிச்சு எப்படிப் போட்டாக?”

“எங்க வீட்டுக்காரவுக ரெண்டுதான் போட்டாக. மூணாவது நாத்தனாரு.”

“அப்ப நான்தான் நாத்தனாரு. ஆனா கை கட்டியிருக்கு.”

உலகம்மை சிரித்தாள். கணவர் போனபின் அந்தக் கூடத்தில் அவள் சிரித்தது அரிது. தட்டுகள் இறுகி நின்றன. இனிக் கம்பி.

“முனையைப் பாருங்க. ‘ட’ எழுத்து மாதிரி வளைஞ்சிருக்கும். தட்டுலயும் ஒரு ‘ட’ இருக்கும். எழுத்தும் எழுத்தும் பொருந்துனாத்தான் உள்ள போகும். தலைகீழாத் தள்ளுனா ஒடிஞ்சிரும்.”

எழுத்தோடு எழுத்துப் பொருந்திற்று. அவள் கேபினெட்டின் பொத்தானில் விரலை வைத்தாள்.

“இது ஓடுன உடனே கரண்டு மீட்டரு நினைவகத்துக்குக் காட்டிக் குடுத்துரும் அக்கா. சொல்லிட்டேன்.”

“காட்டட்டும்.”

விசிறி சுழன்றது. தட்டுகள் இரண்டும் முனகி, பிறகு ஒரே சுருதியில் நிலைத்தன. மீரான் கொண்டுவந்த சிறு திரையில் கோப்புகள் வரிசையாக வந்தன. உலகம்மை பழையதொரு திருவாதிரையைத் தொட்டாள்.

முதலில் கோயில் மணி. ஒரு குழந்தையின் அழுகை. யாரோ செருமினார். பிறகு ஓதுவார் பாடினார். நடு வயதுக் குரல், தேன்கூட்டை உடைத்தாற்போல. முதலடி, இரண்டாமடி, மூன்றாமடி. நான்காமடியில், ஓர் எழுத்தும் மழுங்காமல், தெளிவாக, ‘அழைத்தால் வருவாய்’ என்றார்.

உலகம்மை திரையிலிருந்து கையை எடுத்தாள். மீரான் தரையைப் பார்த்தார்.

“இன்னொண்ணு போடுங்க அக்கா. ஒரு தடவை அப்படி வந்திருக்கும்.”

இன்னொன்றிலும் ‘அழைத்தால்’தான். அடுத்ததிலும் அதுவே. மீரான் திடீரென்று தலையைச் சாய்த்தார். “இருங்க. பின்னால என்ன அது? சத்தத்தைக் கூட்டுங்க.”

கூட்டினாள். ஓதுவார் குரலுக்குப் பின்னே, தொலைவில், தூணின் மறைவிலிருந்து வருவதுபோல ஒரு பெண்குரல் கூடவே பாடிற்று. எல்லா அடியும் ஒத்துப்போய், ஒரு சொல்லில் மட்டும் பிரிந்தது. ‘அழைத்தேன்’ என்றது அந்தக் குரல்.

“அது நீங்களா அக்கா?”

அவளேதான். மணமான புதிதில் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக் கேட்டுப் பாடம் செய்தவள் அவள். ‘தால்’ என்றது மண்டபத்து எதிரொலியில் ‘தேன்’ என்று அவள் செவிக்கு வந்திருக்கிறது. அவர் தந்ததாக வாழ்நாளெல்லாம் எண்ணியிருந்த சொல், அவள் பிழையாகக் கேட்டுத் தானே ஆக்கிக்கொண்ட சொல்.

கடைசியாக இருந்த பதிவை அவள் தொட்டாள். ஓதுவார் கோயிலில் பாடிய இறுதித் திருவாதிரை. குரல் தளர்ந்திருந்தது. மூன்றாமடியின் ஈற்றில் மூச்சு முட்டி, இருமல் வந்து, பாட்டு அறுந்தது. மண்டபம் அமைதியாயிற்று. அந்த அமைதிக்குள் பின்னாலிருந்து பெண்குரல் தனியே எழுந்து, ‘அழைத்தேன் வருவாய் அடியேன் இடமே’ என்று அடியை முடித்துவைத்தது. ஓதுவார் இருமி ஓய்ந்து, மூச்சைச் சேர்த்துக்கொண்டு, அவ்வடியை மீண்டும் எடுத்தார். அச்சில் உள்ளதை விட்டுவிட்டு, அவள் சொன்ன சொல்லை, அவள் சொன்னபடியே பாடினார்.

தட்டுகள் சுழலும் ஒலி மட்டும் கூடத்தில் எஞ்சியது.

மீரான் மெல்லச் சொன்னார். “இதை ஆதாரம்னு காட்ட முடியாது அக்கா. இத்தனை வருசம் அவுக ‘அழைத்தால்’னுல்லா பாடியிருக்காக. அந்த அதிகாரி இதையே நமக்கு எதிராத் திருப்பிருவாரு. கழட்டிருவோம். இப்பவே கழட்டிட்டா மீட்டருக் கோளாறுன்னு ஏதாவது சொல்லித் தப்பிச்சிக்கிடலாம்.”

“தப்பு என்னோடதுன்னா அதைத் திருத்தவேண்டியவரு என் வீட்டுக்குள்ளயே இருந்தாரு. பதிகம் அத்தனையும் மனப்பாடம் அவுகளுக்கு. ஒருநாள்கூட இது தப்பு, மாத்திப் பாடுன்னு சொன்னதில்ல. கடைசியில அவுகளே அதைப் பாடிட்டுப் போயிட்டாக.” உலகம்மை புடவைத் தலைப்பால் கண்களை அழுத்தித் துடைத்தாள். “அதுக்குமேல வேற எவன் வந்து திருத்த?”

அவள் கழற்றவில்லை. மறுநாள் காலை பிரம்மநாயகம், பணியாளர் ஒருவருடன் வந்தபோதும் தட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் பணியாளரை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வந்து, குரலைத் தாழ்த்தினார்.

“கழட்டிக் குடுத்துருங்கம்மா. வீட்டுல பழைய சாமான் கெடந்துச்சு, எடுத்துக்கிட்டேன்னு எழுதிக்கிடுதேன். யாரு மாட்டுனா, எப்ப ஓடுச்சுன்னு நான் கேக்கல.”

“பழைய சாமான்னு எழுதாதிய. சங்கரலிங்க ஓதுவார் பொண்டாட்டி உலகம்மை, தன் கையால, புத்தி தெளிவா மாட்டுனான்னு எழுதுங்க.”

“உங்க மக போன்ல கூப்பிட்டா இனிமே மணி அடிக்காதும்மா.”

“அவளுக்கு வீடு தெரியும்.”

“உங்க பேரே இருக்காது.”

“பதிகம் பாடுன அடியவருக்கும்தான் பேரு இல்ல. இன்னைக்கும் நிக்குதுல்லா?”

அவர் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு அவள் சொன்னபடியே எழுதினார். பணியாளர் கேபினெட்டைத் தூக்கியபோது உலகம்மை வாசல்வரை வந்தாள். “ரெண்டையும் பிரிச்சிராதிய, தம்பி” என்று மட்டும் சொன்னாள். மத்தியானத்துக்குள் உத்தரவு வந்தது. நினைவகத்தில் உலகம்மை என்று ஒருத்தி இல்லை.

திருவாதிரைக்கு முந்திய மாலை அது. பேருந்துக் கதவு திறக்காது என்பதால் அவள் ஆற்றங்கரை வழியே கோயிலுக்கு நடந்தாள். மண்டபத்தில் கூட்டம். பட்டர் தீபத்தை ஏந்தி நிற்க, ஒலிபெருக்கியில் ஓதுவார் குரல் எழுந்தது. மண்டபத்தின் மேலே பொருத்திய மைக்குகள், உடன் பாடும் அடியார் குரல்களையும் வாங்கி, சொல்லும் சுருதியும் சீராக்கி அதே ஒலிபெருக்கியில் கலந்துவிடும் ஏற்பாடு இருந்தது. ஆகவே யார் எப்படிப் பாடினாலும் அங்கே பிழை என்பதே கேட்பதில்லை.

உலகம்மை கொடிமரத்தருகே நிற்கவில்லை. தூணின் மறைவிலும் நிற்கவில்லை. நேரே நடந்து கருவறைக்கு எதிரே போய் நின்றாள்.

மூன்றாமடி முடிந்தது. அவள் வாய் திறந்தாள்.

‘அழைத்தேன் வருவாய்.’

கரகரத்த, வயதேறிய, சுருதிக்குச் சற்றே கீழிறங்கிய அந்தக் குரல், ஒலிபெருக்கியில் அப்படியே வந்தது. ஓதுவாரின் ‘அழைத்தால்’ அதற்கடியில் போய் மறைந்தது. கூட்டம் திரும்பிப் பார்த்தது. மண்டபமே தன் பிழையைத் தானே கேட்டு நெடுநாள் ஆகியிருந்தது. யாரோ ஒருத்தி விம்மினாள்.

பிரம்மநாயகம் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு விரைந்தார். தட்டினார், திருகினார், பின் கையை எடுத்துவிட்டார். பூசை முடிந்து கூட்டம் கலைந்தபின் அவளிடம் வந்தபோது, அவர் முகத்தில் வியப்பும் வெட்கமும் கலந்திருந்தன.

“அதால உங்களைத் திருத்த முடியலம்மா.”

“ஏன்?”

“ஒருத்தரைத் திருத்தணும்னா அவங்க யாருன்னு தெரியணும். உங்க குரலையும் பேரையும் நாங்களே எடுத்துட்டோம். தெரியாத குரலை எதோட ஒட்டும்? அப்படியே விட்டுருது.” அவர் சட்டைப்பையிலிருந்த முத்திரைக் கருவியைத் தொட்டுப் பார்த்து, எடுக்காமலே விட்டார். “திருவாதிரை நாளைக்குத்தான். நாளைக்கும் வந்து பாடுவியளா?”

“கூப்பிட்டது நான். அவன் வருததுவரைக்கும் கூப்பிடுவேன்.”

பட்டர் நடைசாத்தச் சாவியுடன் காத்திருந்தார். உலகம்மை அவரிடம் கையமர்த்திவிட்டுத் சந்நிதி விளக்கருகே சென்றாள். திரி கருகிச் சுடர் சிறுத்திருந்தது. விரல் நுனியால் கரியைத் தட்டி, திரியைச் சற்றே முன்னிழுத்து, கிண்ணத்திலிருந்த நல்லெண்ணெயைச் சிந்தாமல் வார்த்தாள். சுடர் நிமிர்ந்தது. எண்ணெய்க் கையைத் தலையில் தடவிக்கொண்டு, கல்தரையில் நெற்றி பட விழுந்து எழுந்தாள்.

எழுந்தபோது பிரம்மநாயகம் ஒதுங்கி நின்றிருந்தார். அவள் பட்டரின் தட்டிலிருந்து திருநீற்றை எடுத்து, தன் பெயர் நீங்க எழுதிக்கொடுத்த அவருடைய நெற்றியில் இட்டாள்.

“நீங்க பேரோட நல்லா இருங்கய்யா” என்றாள்.